திரையும் நாவும்: படவில்லைகளின் நலமும் குறையும்

அவை நடுவே நின்று பேசுதல் எளிய செயலன்று. சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை, முப்பது குறட்பாக்களை, வள்ளுவப் பெருந்தகை இப்பொருளுக்கென்றே ஒதுக்கியிருக்கின்றார். அவர் காலத்துப் பேச்சாளனுக்கு நா ஒன்றே கருவி. இக்காலத்து மாணவனுக்கோ மற்றுமொரு கருவி வாய்த்திருக்கிறது. விளக்கை அணைத்தவுடன் சுவரிலே ஒளிர்கிறதே, அந்தத் திரைதான் அது. அதில் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து மறையும் பக்கங்களை ஸ்லைடு என்கிறோம். படவில்லை என்பது அதன் தமிழ்ப் பெயர்.

மன்றத் தோழர்களே! வகுப்புக் கருத்தரங்கு, ஆய்வுத் திட்டம், வாய்மொழித் தேர்வு, வேலைக்கான நேர்காணல் ஆகிய எதற்குச் சென்றாலும், “பி.பி.டி. ஆயத்தமா?” என்பதே நம்மை எதிர்கொள்ளும் முதற் கேள்வி. “என்ன சொல்லப் போகிறாய்?” என்ற கேள்வி இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டுவிட்டது. சில இடங்களில் அது கேட்கப்படுவதே இல்லை. இயற்பியல் முதுகலை பயிலும் நான் வாரந்தோறும் இருட்டறையில் அமர்ந்து பலருடைய படவில்லைகளைக் காண்கிறேன்; என்னுடையவற்றையும் காட்டுகிறேன். இந்த வரிசை மாற்றத்தால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாய விளக்கின் வழித்தோன்றல்

படவில்லை நேற்றுப் பிறந்த பிள்ளையன்று. ஒளியின் அலைக் கொள்கையால் நாமறிந்த டச்சு அறிஞர் ஹைகென்ஸ், 1659-ஆம் ஆண்டளவில், கண்ணாடியில் தீட்டிய உருவத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டும் விளக்கொன்றை அமைத்தார். மாய விளக்கு என்று பின்னர் அது பெயர் பெற்றது. நம் மும்பையை அடுத்த கல்யாண் நகரிலே மகாதேவ் கோபால் பட்வர்தன் என்பார், தம் மைந்தரோடு சேர்ந்து, 1892-இல் இத்தகைய விளக்குகளைக் கொண்டு ‘சம்பரிக் கரோலிகா’ என்னும் காட்சியைத் தொடங்கினார். கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடி வில்லைகள் திரையில் விழும். இராமாயண, பாரதக் கதைகளைப் பேச்சும் பாட்டும் நடத்திச் செல்லும். அங்கே கதை சொல்லும் குரலே தலைவன். படம் அதன் ஏவலாள். இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நாம் இதற்குத் திரும்ப நேரும்.

1961-இல் கோடாக் நிறுவனம் சுழல்தட்டில் படவில்லைகளை அடுக்கிக் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2004-இல் அதன் உற்பத்தி நின்றது. இடையே, 1987-இல், இராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் பணியாற்றிய சிறு நிறுவனம் ஒன்று பவர்பாயின்ட் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதன்பின் நடந்தது நாம் அறிந்ததே. முன்பு ஒரு கண்ணாடி வில்லை செய்ய ஓவியனுக்குப் பல நாள் பிடிக்கும், ஆகவே, “இந்தப் படம் தேவைதானா?” என்று பலமுறை எண்ணிப் பார்ப்பார்கள். இன்று ஒரு விசையைத் தட்டினால் புதிய படவில்லை பிறந்துவிடுகிறது. செலவு குறைந்தது, அத்துடன் எண்ணிப் பார்க்கும் வழக்கமும் குறைந்தது.

திரை தரும் நலங்கள்

குறை கூறுமுன் நிறை கூறுதலே முறை. நாவால் இயலாததைத் திரை செய்யும். இதுவே அதன் முதல் நலம். படிகம் ஒன்றின் எக்ஸ்-கதிர்ப் படத்தை எத்துணைச் சொல்வல்லாரும் சொல்லால் வரைந்து காட்ட முடியாது. வெப்பநிலை குறையக் குறைய ஓர் உலோகத்தின் மின்தடை எங்ஙனம் இறங்குகிறது, எந்தப் புள்ளியில் திடீரெனச் சுழியாகிறது என்பதை வரைபடம் ஒன்று ஒரு நொடியில் உணர்த்தும். அதையே எண்களாக வாசித்தால் கேட்போர் கொட்டாவி விடுவர்.

இரண்டாவது நலம், பின்வரிசையில் இருப்பவனுக்கும் முன்வரிசையில் இருப்பவனுக்கும் ஒரே காட்சி கிடைப்பது. மேசைமேல் வைத்த சிறு மாதிரியை இருநூறு பேர் காண இயலாது, திரையில் காணலாம்.

மூன்றாவது நலம் நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர்வந்து வாழ்வோருக்கே உரியது. நம் நகரத்தில் ஓர் அவை கூடினால் அதில் மராத்தியர் இருப்பர், குசராத்தியர் இருப்பர், மலையாளிகள் இருப்பர். நா தமிழில் பேச, திரையிலுள்ள படத்தின் பெயர்கள் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழறியாத தோழரும் கருத்தை ஓரளவு பின்தொடரலாம். இரு மொழிகளை ஒரே நேரத்தில் அவைக்கு வழங்கும் ஆற்றல் தனி நாவிற்கு இல்லை.

நான்காவதும் ஒன்றுண்டு. தாராவியிலும் செம்பூரிலும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பயின்று, கல்லூரிக்கு வந்த பின்னரே ஆங்கிலத்தில் பேச நேர்ந்த மாணவர் நம்மிடையே பலர். நானும் அத்தகையோருள் ஒருவன். முதலாண்டில் அவைமுன் நிற்கையில் கற்றதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும். அப்போது திரையிலுள்ள ஒரு வரைபடம், ஒரு தலைப்பு, ஒரு சமன்பாடு நம் கைப்பிடித்து நடத்திச் செல்லும். கேட்போர் நம் முகத்தை விட்டுத் திரையை நோக்குவர். நாமும் மூச்சு விடுவோம். இந்த உதவியைச் சிறிதென்று நான் கூறேன். ஆயின் ஊன்றுகோல் நடை பழகும் வரையில்தான். பழகிய பின்னும் அதை விடாதவனுக்குக் கால் சூம்பிவிடும்.

நன்னூலார் கண்ட குற்றங்கள்

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்துள்ளார். அவர் கண்டது ஓலைச்சுவடி. எனினும் அவருடைய அளவுகோல் இன்றைய திரைக்கும் வியப்புறப் பொருந்துகிறது. அவற்றுள் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, கூறியது கூறல். திரையில் ஐந்து வரிகளை எழுதிவைத்து, அவைக்கு முதுகைக் காட்டி, அவ்வைந்து வரிகளையே வாசிப்பது. இதில் சலிப்பு மட்டுமன்றி இடையூறும் உண்டு. கண் படிக்கும் வேகம் வேறு, நா வாசிக்கும் வேகம் வேறு. பேச்சாளர் இரண்டாம் வரியில் நிற்கையில் கேட்போர் ஐந்தாம் வரியை முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிடுவர். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் நடத்திய சோதனைகளில், படத்தைக் குரலால் விளக்கும்போது கற்போர் நன்கு கற்றனர். அதே சொற்களைத் திரையிலும் எழுதிக்காட்டியபோது கற்றல் குறைந்தது. வேற்றுமொழியில் கேட்போருக்கு அருஞ்சொற்களைத் திரையில் காட்டுவது உதவியே. அருஞ்சொல் வேறு, முழுப் பத்தி வேறு.

இரண்டு, மிகைபடக் கூறல். இருபது நிமிடப் பேச்சிற்கு அறுபது படவில்லைகளைக் கொண்டுவந்த ஒருவரை நான் கண்டதுண்டு. மூன்றில் ஒரு நிமிடத்திற்கு ஒன்று! இரயில் வண்டியில் அமர்ந்து தாதருக்கும் மாட்டுங்காவிற்கும் இடையே சுவர்களைப் பார்த்தது போலிருந்தது. பார்த்தோம், எதையும் கண்டோமில்லை.

மூன்று, நின்று பயனின்மை. சுழன்று வரும் எழுத்து, பறந்து வரும் அம்பு, மூலையில் சிரிக்கும் பொம்மை, பின்புலத்தில் மலர்த்தோட்டம் இவையெல்லாம் திரையிலே நிற்கின்றன. நின்று என்ன பயன்?

நான்கு, குன்றக் கூறல். இதுவே எல்லாவற்றிலும் கொடியது; ஏனெனில் இது குற்றம்போலவே தோன்றாது. சுருக்கமாகச் சொல்வது அழகல்லவா என்போம். அழகுதான். ஆயின் சுருக்கம் வேறு, குறைத்தல் வேறு. “வெப்பம் — மின்தடை — மாற்றம்” என்று மூன்று புள்ளியிட்டு எழுதினால் என்ன பொருள்? வெப்பம் ஏறினால் மின்தடை ஏறுமா, இறங்குமா? உலோகத்தில் ஏறும், குறைகடத்தியில் இறங்கும். ‘ஆகவே’, ‘ஆயினும்’, ‘எனின்’, ‘ஏனெனில்’ என்னும் சொற்களே எண்ணத்தின் மூட்டுகள். புள்ளிப் பட்டியல் முதலில் வெட்டுவது இந்த மூட்டுகளைத்தான். மூட்டில்லாத உடல் நிற்குமா?

எழுத்து மட்டுமன்றிப் படமும் குன்றக் கூறும். வானிலிருந்து எடுத்த தாராவியின் படத்தைத் திரையில் காட்டினால் தகரக் கூரைகளே தெரியும். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அவ்விடத்தில் தோல் பதனிடும் தொழிலோடு வந்த நெல்லைச் சீமையார் தலைமுறைகளாக வாழ்வதும், மண்பாண்டம் வனையும் குசராத்தியக் குயவர் சூளை வைத்திருப்பதும், விடியுமுன் இட்டலி அவித்து நகரெங்கும் கொண்டுசெல்வோர் இருப்பதும் அக்கூரைகளால் மறைக்கப்பட்டுவிடும். அப்படத்தை மட்டும் கண்டவன் அங்கே வாழ்வோரைப் பற்றி முடிவு செய்யத் துணிந்தால் அது முறையாகுமா?

ஒரு வரியின் விலை

குன்றக் கூறலால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்போருக்குக் கொலம்பியா விண்கலத்தின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன். கர்னாலில் பிறந்த நம் கல்பனா சாவ்லா உட்பட எழுவர் சென்ற கலம் அது. 2003 சனவரி 16-ஆம் நாள் ஏவப்பட்டு ஏறத்தாழ 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டொன்று இடச் சிறகில் மோதியது. கலம் விண்ணில் சுற்றிக்கொண்டிருக்கையில், மோதலால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் கணித்துத் தம் முடிவுகளை அதிகாரிகளுக்குப் படவில்லைகளாகக் காட்டினர்.

அவற்றுள் ஒன்று பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. அதன் தலைப்பு, கணிப்பு முறை பாதுகாப்பின் பக்கமே சாய்ந்துள்ளது என்னும் நம்பிக்கையை ஊட்டியது. தலைப்பின்கீழ் ஒரு புள்ளி, அதன்கீழ் உட்புள்ளி, அதற்கும் கீழே மேலும் உட்புள்ளிகள். எல்லாவற்றிற்கும் அடியில், சிறிய எழுத்தில், உண்மை ஒளிந்துகிடந்தது. சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம். கலத்தின்மேல் மோதியதாகக் கருதப்பட்ட துண்டு 1,920 கன அங்குலம் என்பதே அவ்வுண்மை. நம் வழக்கிற் சொன்னால், ஓர் எலுமிச்சம்பழத்தை எறிந்து பார்த்த சோதனையைக் கொண்டு, இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேன் ஒன்றரை அளவுள்ள பொருளின் மோதலை மதிப்பிட்டனர். கன அளவில் 640 மடங்கு! அடர்த்தியும் வேகமும் ஒன்றெனக் கொண்டால் மோதும் ஆற்றலும் 640 மடங்கு. இந்த வரியன்றோ தலைப்பாக இருந்திருக்க வேண்டும்?

பெப்ரவரி 1-ஆம் நாள் காற்றுமண்டலத்துள் திரும்புகையில் கலம் சிதைந்தது, எழுவரும் மாண்டனர். அதே ஆண்டு ஆகத்து மாதம் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, இந்தப் படவில்லையை அச்சிட்டுக் காட்டி, தொழில்நுட்ப அறிக்கைகளுக்கு மாற்றாகப் படவில்லைகளையே நம்பும் வழக்கத்தைக் குறைகூறியது. அப்படவில்லையைச் சொல் சொல்லாக ஆய்ந்தவர் எட்வர்டு டஃப்டி என்னும் பேராசிரியர். ‘குறிப்பிடத்தக்க’ என்ற பொருளுடைய ஒரே ஆங்கிலச் சொல் அதில் ஐந்து முறை, வெவ்வேறு கருத்தில், அளவு ஏதுமின்றி வந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

நேர்மையாகப் பேசுவோம். கலத்தை உடைத்தது நுரைத்துண்டே; படவில்லையன்று. அந்தப் பொறியாளர் உண்மையை மறைக்கவுமில்லை; எழுதியே வைத்திருந்தனர். எழுதிய இடம்தான் தவறு. ஒரு முழுப் பத்தியாக எழுதியிருந்தால், “சோதனைத் துண்டைவிட 640 மடங்கு பெரியது, ஆகவே இக்கணிப்பை நம்புவதற்கில்லை” என்று அந்த ‘ஆகவே’ வந்தே தீர வேண்டியிருக்கும். புள்ளிகளுக்கு ‘ஆகவே’ தேவையில்லை. அமேசான் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜெஃப் பெசோஸ், 2004-இல் மேல்நிலைக் கூட்டங்களில் படவில்லைகளை விலக்கி, ஆறு பக்கத்திற்குள் உரைநடைக் குறிப்பெழுதச் செய்ததும், கூட்டத்தின் தொடக்கத்தில் அனைவரும் அதை அமைதியாகப் படிக்கச் செய்ததும் இக்கருத்துப் பற்றியே.

கரும்பலகை தந்த செல்வம்

இனி நம் நகரத்திற்குத் திரும்புவோம். ஹோமி பாபா 1945-இல் நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், 1950-களில் இந்தியாவின் நுழைவாயிலை அடுத்த பழைய யாட் கிளப் கட்டடத்தில் இயங்கிவந்தது. கே. சந்திரசேகரன் அங்கே கணிதப் பிரிவை வளர்த்தார். சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற தமிழ் இளைஞர் இருவர், எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும், 1953-இல் ஆய்வு மாணவராய் அங்கே வந்து சேர்ந்தனர். அப்போது அவர்களுக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருக்கும். நம் வயதினர்!

லாரன்ட் ஷ்வார்ட்ஸ், சீகல் போன்ற உலகப் பெருங்கணித மேதைகள் அங்கே வந்து தொடர் சொற்பொழிவாற்றினர். அந்நிலையத்தில் ஒரு நல்வழக்கம் இருந்தது. சொற்பொழிவைக் கேட்ட மாணவர் அதனை முழு வாக்கியங்களாக, நிறுவல்கள் குன்றாது, எழுதி முடிப்பர். அது நூலாக வெளிவரும். ஷ்வார்ட்ஸின் சொற்பொழிவுக்கு நரசிம்மன் எழுதிய குறிப்பு 1955-இல் வெளிவந்தது. சீகலின் சொற்பொழிவுக்கு எஸ். இராகவன் எழுதியது 1961-இல் வெளிவந்தது. நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று கணித உலகம் போற்றும் முடிவு 1965-இல் பிறந்தது.

கரும்பலகையில் எழுதும் கை, எண்ணத்தைவிட வேகமாக ஓட முடியாது. ஒரு வரி எழுதுவதற்குள் கேட்போர் முந்தைய வரியைச் செரித்துவிடுவர். ஐயம் எழுந்தால் கேட்பர். ஆசிரியர் அழித்து மீண்டும் எழுதுவார். திரையோ முன்னரே சமைத்து மூடிய உணவு; உப்புக் குறைந்தாலும் அங்கே சேர்க்க வழியில்லை. மற்றுமொன்று: அன்று எழுதிய குறிப்புகளை ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து இன்றும் ஒரு மாணவன் எடுத்துத் தானே படித்துப் பொருள் கொள்ளலாம். சென்ற ஆண்டு நம் தோழர் ஒருவர் காட்டிய படவில்லைக் கோப்பை இன்று திறந்து பாருங்கள். அவர் அருகிலில்லாமல் அதில் பாதியேனும் விளங்குமா?

அதனால் கரும்பலகைக்கே திரும்புவோம் என்று நான் கூறவில்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தைச் சுண்ணக்கட்டியால் வரைய முடியாது. எதை எதற்கு வைப்பது என்பதே கேள்வி.

தமிழில் காட்டுவோருக்குச் சில குறிப்புகள்

நம் மன்றக் கூட்டங்களில் தமிழில் படவில்லை காட்டுவோர் இவற்றைக் கருத்திற் கொள்ளலாம்.

முதலாவது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றும். ஒருங்குறியில் எழுதுக. அதன்மேலும் ஒரு பி.டி.எஃப். படியைக் கையில் வைத்துக்கொள்க.

இரண்டாவது புள்ளி. பின்வரிசையில் இருப்பவனுக்கு முதலில் மறைவது மெய்யெழுத்தின் தலைப்புள்ளிதான். புள்ளி மறைந்தால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். துணைக்காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு மங்கும். எனவே பெரிய எழுத்து, வெள்ளைமேல் கருமை, குறைந்த சொற்கள்.

மூன்றாவது கலைச்சொல். ‘குறைகடத்தி’ என்று திரையில் எழுதினால் மட்டும் போதாது. அஃது என்னவென்று நாவால் ஒரு வாக்கியம் கூறவேண்டும். திரை பெயரைக் காட்டட்டும். நா பொருளைக் காட்டட்டும்.

எல்லா மொழிக்கும் பொதுவான குறிப்புகளும் சில உண்டு. முதலில் கணினியைத் திறவாதீர்கள். ஒரு தாளை எடுத்து, சொல்லப் போவதை முழு வாக்கியங்களால் ஒரு பக்கத்திற்கு எழுதுங்கள். எழுத வராவிட்டால் இன்னும் சிந்திக்கவில்லை என்பது பொருள். எழுதியதில் எந்த இடத்தில் சொல் தோற்கிறதோ, அந்த இடத்திற்கு மட்டும் படவில்லை செய்யுங்கள். ஒவ்வொன்றிற்கும் தலைப்பாக ஒரு முழு வாக்கியம் இருக்கட்டும். “முடிவுகள்” என்பதைவிட “வெப்பம் ஏற மின்தடை இறங்குகிறது” என்பது மேல். வரைபடத்தின் அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதுங்கள். நம் முடிவின் ஐயப்பாடு எதுவோ அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பேச்சு முதன்மையாகும் இடத்தில், காட்சி ஓடும்போதே விசைப்பலகையில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் பவர்பாயின்ட் திரை கறுத்துவிடும்; கண்களெல்லாம் உங்கள்பால் திரும்பும். கூட்டம் முடிந்ததும், வந்தவர் கையில் படவில்லைக் கோப்பைத் தராமல் இரண்டு பக்க உரைநடைக் குறிப்பைத் தாருங்கள்.

முடிவுரை

கல்யாண் பட்வர்தனாரின் அரங்கிலே படம் ஏவலாளாய் இருந்தது. குரல் தலைவனாய் இருந்தது. இற்றை நாளில் ஏவலாள் நாற்காலியில் அமர, தலைவன் அருகே நின்று வாசிக்கின்றான். இந்நிலை மற்றவர்க்கு வெறும் அழகுக் குறையாக இருக்கலாம். நமக்கோ அதனினும் பெரிது. சொந்த ஊரைவிட்டு வந்து, வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என வாழும் நாம், நம் கருத்தை நம் வாயால் எடுத்துரைக்கும் ஆற்றலைப் பெற்றாலன்றி அவையில் இடம்பெற மாட்டோம். ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் கேள்வி கேட்போர் படவில்லையை நோக்கிக் கேட்பதில்லை. நம்மை நோக்கியே கேட்கின்றனர்.

ஆகவே, தோழர்களே, உங்களுக்கு நீங்களே ஒரு தேர்வு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கருத்தரங்கிற்கு முந்திய மாலை, கணினியை மூடிவிட்டு, அறிவியல் பயிலாத ஒருவரிடம், அன்னையிடமோ அண்டை வீட்டாரிடமோ, உங்கள் ஆய்வைத் தமிழில் ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு விளங்கினால் மறுநாள் திரையைத் துணிந்து ஏற்றுங்கள். அஃது உங்களுக்கு நல்ல ஏவலாளாய் இருக்கும். விளங்காவிட்டால் எத்தனை படவில்லை சேர்த்தும் பயனில்லை. திரை வளரட்டும், அதைவிட நம் நாவன்மை வளர்க!